தற்செயலாகத் தெரியவந்த அட்ரீனல் கட்டியை ஸ்கேன் படங்களைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி?

வயிற்று வலிக்காகவோ சிறுநீரகக் கல்லுக்காகவோ விபத்துக்குப் பின் உட்காயம் பார்ப்பதற்காகவோ எடுத்த சிடி ஸ்கேனில், யாரும் தேடாத, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு கட்டி தெரியவருவது இப்போது அன்றாடம் நடக்கிறது. வயிற்று சிடி எடுத்துக்கொள்ளும் பெரியவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 4 அல்லது 5 பேரிடம் இப்படி ஒரு கட்டி காணப்படுகிறது; 40 வயதுக்குக் கீழ் இது அரிது, 70 வயதைத் தாண்டியவர்களிடம் இன்னும் கூடுதல். இவற்றில் பெரும்பாலானவை சுரப்பியின் புறணியில், அதாவது வெளியடுக்கில், தோன்றும், புற்றுநோய் அல்லாத அடினோமாக்களே. ஆயினும் அவற்றின் நடுவே, இரத்த அழுத்தத்தைத் திடீரென எகிறவைக்கும் ஃபியோக்ரோமோசைட்டோமாவும், நுரையீரல் போன்ற வேறு உறுப்புகளிலிருந்து பரவிய புற்றும், ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 அல்லது 2 பேருக்கு மட்டுமே வரும் அட்ரீனல் புறணிப் புற்றுநோயும் கலந்திருக்கக்கூடும் என்பதால், "சிறிய கட்டிதான்" என்று ஒரு வரியில் கடந்துபோகவும் முடியாது.

அறிக்கை எழுதப் பழகும் இளம் கதிரியக்க மருத்துவர்களையும், அந்த அறிக்கையைக் கையில் வாங்கி அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டிய பொது மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான நோயாளிகளின் கேள்விக்கு, கான்ட்ராஸ்ட் (திசுக்களைப் பளிச்சென்று காட்ட இரத்தத்தில் ஏற்றும் மருந்து) செலுத்தாத ஒரு பிளெயின் சிடியும், தேடியெடுத்த பழைய படங்களும், கட்டியின் அடர்த்தியை அளக்க அதன் மேல் நிதானமாக வைக்கப்பட்ட ஓர் அளவீட்டு வட்டமும் சேர்ந்தே விடை சொல்லிவிடும். வாஷ்அவுட் (கான்ட்ராஸ்ட் எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்ற கணக்கு), எம்ஆர்ஐ, பெட் ஸ்கேன், பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது) ஆகியவற்றுக்குப் போக வேண்டியது இந்த மூன்றும் கைகொடுக்காதபோதுதான்.

அது அட்ரீனல்தானா?

கட்டியின் தன்மையைப் பற்றி யோசிப்பதற்கு முன் அது எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று உறுதிசெய்ய வேண்டும். வலது அட்ரீனல் கீழ்ப் பெருஞ்சிரைக்கு நேர் பின்னால், கல்லீரலுக்கும் உதரவிதானத்தின் வலது காலுக்கும் (முதுகெலும்போடு சேரும் தசைப்பட்டை) இடையில் மெல்லிய கோடாகக் கிடக்கும். இடது அட்ரீனல் பெருந்தமனிக்கும் உதரவிதானத்தின் இடது காலுக்கும் பக்கவாட்டில், கணையத்துக்கும் மண்ணீரல் சிரைக்கும் பின்னால், தலைகீழான ஆங்கில ஒய் எழுத்தைப் போல் தெரியும். இடப்பக்கம்தான் ஏமாற்றுப் பக்கம். இரைப்பையின் மேற்பகுதியிலிருந்து பின்னோக்கிப் பிதுங்கும் சிறு பை, துணை மண்ணீரல், கணையத்தின் வால், கல்லீரல் சுருக்க நோயாளிகளிடம் புடைத்து வளைந்தோடும் சிரைகள், சிறுநீரகத்தின் மேல்முனையிலிருந்து வெளியே வளர்ந்த கட்டி ஆகிய ஐந்தும் அட்ரீனல் கட்டியாக வேடம் போடும். மெல்லிய வெட்டுகளில் மேலும் கீழுமாக நகர்த்தி, அட்ரீனலின் இரு கிளைகளும் தனியாக, முழுமையாகத் தெரிகின்றனவா என்று பார்த்தாலே இவற்றில் பெரும்பாலானவை அடிபட்டுப்போகும். குறுக்குவெட்டில் ஐயம் நீங்காவிட்டால் கொரோனல் (முன்பக்கத்திலிருந்து), சஜிட்டல் (பக்கவாட்டிலிருந்து) மறுவடிவங்களில் பார்ப்பது பயன்தரும். பையா கட்டியா என்ற குழப்பம் மட்டும் எஞ்சினால், நோயாளியைத் தண்ணீர் குடிக்கவைத்து, குப்புறப் படுக்கவைத்து அந்த இடத்தை மட்டும் மீண்டும் எடுக்கலாம். இரைப்பைப் பையாக இருந்தால் உள்ளே காற்றோ நீரோ இடம்மாறும்.

வலப்பக்கத்தில் பெரிய கட்டி ஒன்று கல்லீரலோடு ஒட்டிக்கிடந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. கீழ்ப் பெருஞ்சிரை முன்னோக்கித் தள்ளப்பட்டும், சிறுநீரகம் கீழே இறக்கப்பட்டும் இருந்தால் கட்டி கல்லீரலுக்குப் பின்னால், அதாவது அட்ரீனலில், பிறந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

அளவு 1 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால், வேறு அறிகுறிகள் இல்லாதவரிடம், தொடர்ந்து துருவ வேண்டியதில்லை. சுரப்பியின் கிளை சற்றே தடித்திருப்பதைக் கட்டி என்று எழுதிவிட்டால், அந்த ஒரு சொல்லுக்காக அவர் பல ஆண்டுகள் ஸ்கேன் மையங்களின் வாசலில் காத்திருக்க நேரிடும்.

பழைய படங்கள்

தமிழ்நாட்டில் 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கோவிட் காலத்தில் நெஞ்சு சிடி எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அந்தப் படங்களில் மிகப் பல கான்ட்ராஸ்ட் இல்லாமல் எடுக்கப்பட்டவை. அவற்றின் கடைசிச் சில வெட்டுகளில் அட்ரீனல் சுரப்பிகள் பெரும்பாலும் அகப்பட்டிருக்கும். இன்று தெரியும் கட்டி அன்றும் அதே அளவில் இருந்தது என்று காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் 2017 பரிந்துரைகள், ஓராண்டுக்கு மேல் அளவு மாறாத கட்டியைப் புற்றுநோய் அல்லாததாகக் கருதலாம் என்கின்றன. கூடுதல் நன்மையாக, கான்ட்ராஸ்ட் இல்லாத படம் என்பதால் அதிலேயே அடர்த்தியையும் அளந்துவிடலாம். நுரையீரலுக்காகக் கூர்மையாக்கப்பட்ட வரிசையில் மட்டும் அளக்கக் கூடாது. அதில் இரைச்சல், அதாவது படத்தில் தானாக விழும் புள்ளிச் சிதறல், மிகுதி. மென்திசுவுக்காக மறுவடிவமைத்த வரிசை அதே சிடியில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

ஆகவே நோயாளியிடம் "இதற்கு முன் ஸ்கேன் எடுத்ததுண்டா?" என்று மட்டும் கேட்டால் போதாது. பலர் இல்லை என்பார்கள். கல் வலிக்கு எடுத்தீர்களா, கோவிடுக்கு நெஞ்சில் எடுத்தீர்களா, முதுகு வலிக்கு எம்ஆர்ஐ எடுத்தீர்களா என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் பீரோவின் மேல்தட்டில் இருக்கும் உறை வெளியே வரும். ஃபிலிமை விட, படங்கள் பதிந்த குறுவட்டு நூறு மடங்கு மேல். ஃபிலிமில் கட்டியின் அகலத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லலாமே தவிர அடர்த்தியை அளக்க முடியாது.

முழு உடல் பரிசோதனையில் செய்யப்படும் அல்ட்ராசவுண்டில் முதலில் தெரியவந்த கட்டிக்கு நிலைமை வேறு. அல்ட்ராசவுண்டால் வலப்பக்கக் கட்டியைக் கல்லீரலின் ஊடே ஓரளவு நன்றாகப் பார்க்க முடியும். இடப்பக்கத்தை இரைப்பை, குடல் காற்று மறைக்கும். எப்படியிருந்தாலும் கட்டி என்ன வகை என்பதை அது சொல்லாது. அடுத்த படி பிளெயின் சிடிதான். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் எம்ஆர்ஐ. இவ்விரு சாராரிடமும், பொதுவாக 40 வயதுக்குட்பட்டவர்களிடமும், கட்டி தீயதாக இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் மதிப்பீட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

பிளெயின் சிடியும் 10 என்ற எண்ணும்

சிடி படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. 1979 இல் ஆலன் கார்மாக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அதை ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு என்கிறோம். ஸ்கேன் அறைகளில் சுருக்கமாக ஹெச்யூ. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, உடற்கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100. அடினோமாவின் உயிரணுக்கள் ஸ்டீராய்டு தயாரிப்பதற்கான மூலப்பொருளாகக் கொழுப்பைத் தமக்குள் நுண்துளிகளாகத் தேக்கிவைத்திருப்பதால், அதன் அடர்த்தி தசையைவிட வெகுவாகக் குறைந்து தண்ணீரை நெருங்குகிறது. பரவிய புற்றுக்கோ ஃபியோக்ரோமோசைட்டோமாவுக்கோ பொதுவாக இந்தக் கொழுப்பு இல்லை. எனவே ஒரே சீரான நிறத்தில், 10 ஹெச்யூ அல்லது அதற்குக் கீழ் அளக்கும் கட்டி கொழுப்பு மிகுந்த அடினோமா என்று ஏற்கப்படுகிறது. ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமும் அட்ரீனல் கட்டிகளுக்கான ஐரோப்பிய வலையமைப்பும் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்தகைய கட்டிக்கு அதன் அளவு என்னவாக இருந்தாலும் மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது.

இவ்வளவு பெரிய முடிவு ஓர் எண்ணைச் சார்ந்திருக்கும்போது, அந்த எண்ணை எப்படிப் பெற்றோம் என்பதில் கவனம் வேண்டும். படம் உண்மையிலேயே பிளெயின்தானா என்பதிலிருந்து தொடங்குங்கள். முதல் நாள் வேறொரு மையத்தில் கான்ட்ராஸ்ட் ஏற்றிக்கொண்டு வந்தவராக இருக்கலாம். பெருந்தமனியில் ஒரு வட்டம் வைத்து, இரத்தம் வழக்கமான 35 முதல் 45 ஹெச்யூக்குள் இருக்கிறதா என்றும், சிறுநீர்ப்பாதையில் வெள்ளையாக ஏதும் தேங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். குழாய் மின்னழுத்தம் 120 கேவி என்பதை உறுதிசெய்யுங்கள், ஏனெனில் 10 என்ற வரம்பு அந்த மின்னழுத்தத்தில் எடுத்த படங்களை வைத்தே நிலைபெற்றது. வெட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கட்டும். 5 மில்லிமீட்டர் வெட்டில் 1.2 சென்டிமீட்டர் கட்டியை அளந்தால் சுற்றியுள்ள கொழுப்பும் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்துவிடும்.

பிறகு கட்டியைத் திரையில் பெரிதாக்கி, அது மிக அகலமாகத் தெரியும் வெட்டில் நிறுத்தி, பரப்பில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கை அடக்கும் நீள்வட்டம் ஒன்றை வரையுங்கள். விளிம்பைத் தொடக் கூடாது. சுண்ணாம்புப் படிவையும், நடுவில் அழுகிய பகுதி இருந்தால் அதையும் தவிர்க்க வேண்டும். சராசரி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் அதனருகே காட்டப்படும் திட்ட விலக்கத்தையும் பாருங்கள். அது 25, 30 என்று இருந்தால் படத்தில் இரைச்சல் மிகுதி அல்லது கட்டி சீரானதன்று. அடுத்துள்ள மேல் வெட்டிலும் கீழ் வெட்டிலும் இதையே செய்து மூன்றையும் ஒப்பிடுங்கள். 7, 8, 6 என்று வந்தால் நிம்மதியாக எழுதலாம். 4, 19, 11 என்று வந்தால் சராசரி 11 என்று எழுதுவதைவிட, அளவீடு நம்பத்தக்கதாக இல்லை என்று எழுதுவதே நேர்மை. 9க்கும் 11க்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரத்தின் இரைச்சலே உண்டாக்கிவிடும் என்பதை மறக்கக் கூடாது. 2 சென்டிமீட்டர் அளவில் சீராக இருக்கும் கட்டி 12 காட்டினால் அதற்காக நோயாளியைக் கலங்கவைக்கத் தேவையில்லை.

இரட்டை ஆற்றல் சிடி வசதியுள்ள இடங்களில், கான்ட்ராஸ்ட் படத்திலிருந்து கணினி உருவாக்கும் மெய்நிகர் பிளெயின் படத்தையும் பயன்படுத்தலாம். அது உண்மையான பிளெயினைவிட எண்ணைச் சற்றுக் கூட்டிக் காட்டும் போக்குடையது. அதில் 10க்குக் கீழ் வந்தால் பெரும்பாலும் நம்பலாம்; 15 வந்தால் உண்மையான பிளெயின் எடுத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

அடினோமா அல்லாதவற்றிலும் சில பார்த்தவுடன் பிடிபடும். மைனஸ் 30க்கும் கீழான வெளிப்படைக் கொழுப்பு கட்டிக்குள் தெரிந்தால் அது மையலோலிபோமா என்ற தீங்கற்ற கொழுப்புக் கட்டி. மிகப் பெரிதாகி வலியோ இரத்தக்கசிவோ ஏற்படுத்தினாலன்றி அதைத் தொட வேண்டியதில்லை. மெல்லிய சுவரும், நீர் அடர்த்தியும், கான்ட்ராஸ்டுக்குச் சிறிதும் ஒளிராத உட்பகுதியும் நீர்க்கட்டியைக் காட்டும். சுவர் தடித்திருந்தால், நடுவில் கரைந்துபோன ஃபியோக்ரோமோசைட்டோமாவும் நீர்க்கட்டி போலவே தோன்றும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகோ இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரிடமோ 50 முதல் 90 ஹெச்யூ வரை பிளெயினிலேயே அடர்ந்து தெரிவது புதிய இரத்தக்கசிவாக இருக்கலாம். அது சில மாதங்களில் சுருங்கும். ஆனால் அடியில் வேறு கட்டி ஒளிந்திருந்து கசிந்ததா என்று ஒருமுறை மறுபடி பார்த்துவிட வேண்டும்.

10க்கு மேல் வந்தால்

அடினோமாக்களில் ஏறத்தாழ 30 சதவீதம் கொழுப்பு குறைந்தவை என்பதால், 10க்கு மேல் அளப்பது தீய கட்டி என்று பொருள்படாது. அளவு 4 சென்டிமீட்டருக்குக் கீழாகவும், உட்பகுதி சீராகவும், அடர்த்தி 11 முதல் 20க்குள்ளும் இருந்தால் இரண்டு வழிகள் உள்ளன: உடனே இன்னொரு வகை ஸ்கேன் செய்வது, அல்லது 12 மாதங்கள் கழித்து மீண்டும் பிளெயின் சிடி எடுப்பது. மாறாக, 4 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்து, அடர்த்தி 20ஐத் தாண்டியோ உட்பகுதி திட்டுத்திட்டாகவோ இருந்தால், அது புறணிப் புற்றுநோயாக இருக்கலாம் என்ற எண்ணத்தோடு அறுவை மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், கதிரியக்க மருத்துவர் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். பெரும்பாலும் முடிவு அறுவைச் சிகிச்சையாகவே அமையும். ஒழுங்கற்ற விளிம்பு, நடுவில் அழுகல், சுண்ணாம்புத் திட்டுகள், கீழ்ப் பெருஞ்சிரைக்குள் நீளும் கட்டி ஆகியவை அந்த ஐயத்தை வலுப்படுத்தும். இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே விழுபவைதான் தலைவலி.

அவற்றுக்கு நீண்டகாலமாகப் பயன்பட்டுவருவது வாஷ்அவுட் சிடி. அடினோமா கான்ட்ராஸ்டை விரைவாக உறிஞ்சி விரைவாகவே வெளியேற்றும். பரவிய புற்று அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது இதன் அடிப்படை. பிளெயின், கான்ட்ராஸ்ட் செலுத்திய 60 முதல் 75 வினாடிகளில் ஒன்று, 15 நிமிடத்தில் ஒன்று என மூன்று முறை, ஒரே மின்னழுத்தத்தில், ஒரே வெட்டில் அளக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 2.6 சென்டிமீட்டர் கட்டி ஒன்று பிளெயினில் 24, இரண்டாம் கட்டத்தில் 74, 15 நிமிடத்தில் 38 காட்டுகிறது என்று கொள்வோம். ஏறியது 50, அதில் இறங்கியது 36. 36ஐ 50ஆல் வகுத்தால் 72 சதவீதம். இது முழு வாஷ்அவுட், 60 சதவீதமும் அதற்கு மேலும் அடினோமாவின் பக்கம் சாயும். பிளெயின் படம் கையில் இல்லாவிட்டால் 36ஐ 74ஆல் வகுக்கலாம், 48.6 சதவீதம் கிடைக்கும். இது ஒப்பு வாஷ்அவுட், இதற்கான வரம்பு 40 சதவீதம்.

இங்கே ஸ்கேன் மேசையருகே நிற்கும் தொழில்நுட்பருக்கு ஒரு வேண்டுகோள். வேறு காரணத்துக்காகக் கான்ட்ராஸ்ட் சிடி எடுக்கும்போது அட்ரீனலில் கட்டி கண்ணில் பட்டால், நோயாளியை இறக்கிவிடுவதற்கு முன் மருத்துவருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். 15 நிமிடம் கழித்து அட்ரீனல் பகுதியை மட்டும் ஒருமுறை எடுத்துவிட்டால் ஒப்பு வாஷ்அவுட்டைக் கணக்கிடலாம். இன்னொரு நாள், இன்னொரு ஊசி, இன்னொரு கட்டணம் மிச்சமாகும்.

ஆனால் வாஷ்அவுட்டை அளவுக்கு மீறி நம்பும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஃபியோக்ரோமோசைட்டோமாக்களில் கணிசமானவை அடினோமாவைப் போலவே கான்ட்ராஸ்டை இறக்கிக் காட்டும். சிறுநீரகப் புற்றிலிருந்தும் கல்லீரல் புற்றிலிருந்தும் பரவிய கட்டிகளும் அப்படியே. மேற்சொன்ன 2023 வழிகாட்டுதலும் இந்த முறைக்கான சான்று வலுவற்றது என்றே மதிப்பிடுகிறது. கட்டி தமனிக் கட்டத்தில் 110 ஹெச்யூவைத் தாண்டிப் பளிச்சென்று ஒளிர்ந்தால், வாஷ்அவுட் சதவீதம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் மெட்டாநெஃப்ரின் (ஃபியோக்ரோமோசைட்டோமா சுரக்கும் ஹார்மோன்களின் சிதைபொருள்) பரிசோதனை முடிவு வரும் வரை அடினோமா என்று எழுதாதீர்கள். அழுகல் உள்ள, சீரற்ற கட்டிக்கு இந்தக் கணக்கைப் போடுவதே தவறு.

எம்ஆர்ஐ

நுண்கொழுப்பைக் கண்டுபிடிக்க எம்ஆர்ஐயின் கெமிக்கல் ஷிஃப்ட் முறை சிறந்தது. கதிர்வீச்சும் இல்லை, கடோலினியம் என்ற எம்ஆர்ஐ கான்ட்ராஸ்ட் ஊசியும் தேவையில்லை. நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சற்றே மாறுபட்ட வேகத்தில் சுழல்வதால், இன்-ஃபேஸ் படத்தில் இரண்டின் சமிக்ஞையும் கூடும், அவுட்-ஃபேஸ் படத்தில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒரே உயிரணுவுக்குள் நீரும் கொழுப்பும் சேர்ந்திருக்கும் அடினோமா, அவுட்-ஃபேஸில் கறுத்துப்போகும். கண்ணால் பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். எண்ணாகச் சொல்ல வேண்டுமானால் இன்-ஃபேஸ் 320, அவுட்-ஃபேஸ் 200 என்றால் இறக்கம் 120, அதாவது 37.5 சதவீதம். 16.5 சதவீதத்துக்கு மேற்பட்ட இறக்கம் அடினோமாவைக் காட்டும். ஒப்பிடுவதற்கு மண்ணீரலை எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நோயாளிகளில் பலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதால் கல்லீரலும் சேர்ந்து கறுத்து, கட்டி கறுக்கவில்லை என்ற மாயையைத் தரும்.

1.5 டெஸ்லா இயந்திரத்தில் அவுட்-ஃபேஸ் ஏறத்தாழ 2.3 மில்லிவினாடியிலும் இன்-ஃபேஸ் 4.6 மில்லிவினாடியிலும் எடுக்கப்படுகிறது. இந்த வரிசை தலைகீழானால், அதாவது அவுட்-ஃபேஸுக்குப் பின்னாளைய எதிரொலியைப் பயன்படுத்தினால், காலப்போக்கில் சமிக்ஞை தானாகவே தேய்வதும் கொழுப்பினால் வந்த இறக்கம் போலத் தோன்றும். அறிக்கை எழுதும் முன் இதை ஒருமுறை சரிபாருங்கள். பிளெயின் சிடியில் 10 முதல் 30 வரை அளக்கும் கட்டிகளில்தான் இந்தச் சோதனை பயன்தரும். 30ஐத் தாண்டிவிட்டால் கண்டுபிடிக்கும் அளவுக்குக் கொழுப்பே இருக்காது. டி2 படத்தில் விளக்கு எரிவதுபோல் வெளுத்துத் தெரிந்தால் ஃபியோக்ரோமோசைட்டோமா என்று நாம் மாணவப் பருவத்தில் மனப்பாடம் செய்ததை அளவோடு வைத்துக்கொள்வது நல்லது; பல ஃபியோக்கள் அப்படி வெளுப்பதில்லை, வெளுப்பவை எல்லாம் ஃபியோவும் அல்ல.

புற்றுநோய் உள்ளவரிடம்

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம், பெருங்குடல், மெலனோமா ஆகிய புற்றுகள் அட்ரீனலுக்குப் பரவும் வழக்கமுடையவை. இத்தகைய நோயாளியிடம் தெரியும் அட்ரீனல் கட்டியை, முன்பு இல்லாதது இப்போது முளைத்திருக்கிறது என்பது உறுதியானால், பரவியதாகவே கருதிச் செயல்பட வேண்டும். அதே வேளையில், புற்றுநோய் உள்ளவருக்கும் சாதாரண அடினோமா வரும் என்பதால், பிளெயினில் 10க்குக் கீழ் அளக்கும் கட்டிக்காக அவருடைய நோய் நிலையை நான்காம் கட்டத்துக்கு உயர்த்திவிடக் கூடாது. சிகிச்சையின் நோக்கமே அங்கு மாறிவிடுகிறது.

ஐயம் நீங்காதபோது எஃப்டிஜி பெட்-சிடி (சர்க்கரை போன்ற கதிரியக்க மருந்தைத் திசு எவ்வளவு ஏற்கிறது என்று காட்டும் ஸ்கேன்) உதவும். கட்டியின் ஏற்பைக் கல்லீரலின் ஏற்போடு ஒப்பிட வேண்டும். கல்லீரலைவிடத் தெளிவாக மிகுந்தால் பரவிய புற்றுக்கான சாத்தியம் அதிகம். சில அடினோமாக்களும், ஃபியோக்ரோமோசைட்டோமாவும், காசநோயும் ஒளிரும். மறுபுறம் 1 சென்டிமீட்டருக்குக் குறைந்தவையும், அழுகிப்போனவையும், சில சிறுநீரகப் புற்றுகளும் ஒளிராமல் ஏமாற்றும்.

பயாப்ஸி பற்றி இரண்டு விதிகள். இரத்தத்திலோ சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின் பார்த்து ஃபியோக்ரோமோசைட்டோமா இல்லை என்று உறுதிசெய்யாமல் அட்ரீனலில் ஊசி குத்தக் கூடாது. அப்படியொரு கட்டியைக் குத்தினால் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். புறணிப் புற்றுநோய் என்று ஐயுறும் கட்டியையும் குத்தக் கூடாது. சிறு துணுக்கை வைத்து அதை அடினோமாவிலிருந்து பிரித்தறிவது கடினம், கட்டி சிந்திப் பரவவும் வழியாகும். மற்ற உறுப்பில் புற்று இருப்பது உறுதியாகி, முடிவு சிகிச்சையை மாற்றும் என்ற நிலையில் மட்டுமே பயாப்ஸிக்கு இடமுண்டு.

இரு பக்கமும் பெருத்திருந்தால்

மேலைநாட்டு வழிகாட்டுதல்களை அப்படியே பின்பற்ற முடியாத இடம் இது. அங்கே இருபக்கப் பெருக்கம் என்றால் அடினோமா, புறணி மிகைவளர்ச்சி, பரவிய புற்று, லிம்ஃபோமா என்ற வரிசையில் யோசிப்பார்கள். இந்தியாவில் காசநோயையும் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றையும் அந்த வரிசையில் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். காசநோயின் தொடக்கக் கட்டத்தில் இரு சுரப்பிகளும் பெருத்து, நடுவே ஒளிராமல், விளிம்பு மட்டும் ஒளிரும்; பல ஆண்டுகள் கழித்து அவை சுருங்கிச் சுண்ணாம்பு படிந்து கிடக்கும். எடை குறைகிறது, பசியில்லை, தோலும் ஈறும் கறுக்கின்றன, எழுந்தால் தலைசுற்றுகிறது என்று சொல்பவரிடம் இந்தப் படத்தைப் பார்த்தால், அறிக்கை தட்டச்சாகி வரும் வரை காத்திராமல் சிகிச்சையளிக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். இரண்டு சுரப்பியும் அழிந்துவருவதால் உயிர்வாழத் தேவையான கார்டிசால் ஹார்மோன் தீர்ந்துபோகும் அபாயம் அங்கே உண்டு. காலை கார்டிசாலையும் அதைச் சுரக்கத் தூண்டும் ஏசிடிஹெச்சையும் உடனே பார்க்க வேண்டும். கெட்டித்துப்போன இரத்தக்கசிவு இருபுறமும் தெரிந்தாலும் இதே அவசரம்தான். தொற்று என்று ஐயம் வந்தால், ஃபியோவை விலக்கிய பிறகு, பயாப்ஸி இங்கே முழு நியாயத்தோடு செய்யப்படுகிறது.

அறிக்கையில் எழுத வேண்டியவை

கட்டி சுரக்கிறதா இல்லையா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. கொழுப்பு மிகுந்த அடினோமாவும் கார்டிசாலைச் சற்று மிகுதியாகச் சுரந்துகொண்டிருக்கலாம். எனவே அட்ரீனல் கட்டியுள்ள ஒவ்வொருவருக்கும், இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்து மறுநாள் காலை கார்டிசால் பார்க்கும் சோதனை தேவை. அது டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் தானாகச் சுரக்கிறது என்று கொள்ள வேண்டும். உயர் இரத்த அழுத்தமோ பொட்டாசியக் குறைவோ இருந்தால், அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் மிகையாகச் சுரக்கிறதா என்று காட்டும் அல்டோஸ்டீரோன்-ரெனின் விகிதம். பிளெயினில் 10க்கு மேல் அளப்பவர்கள் அனைவருக்கும் மெட்டாநெஃப்ரின். 10க்குக் கீழ் அளக்கும் ஃபியோ மிக மிக அரிது என்பதால் அவர்களுக்கு இது வேண்டியதில்லை. படத்தில் ஒரு குறிப்பு மட்டும் கிடைக்கும்: எதிர்ப்பக்க அட்ரீனல் மெலிந்து நூல்போல் இருந்தால், கட்டி கார்டிசாலைச் சுரந்து அதை வேலையற்றதாக்கியிருக்கக்கூடும். இதை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

எந்தப் பக்கம், குறுக்குவெட்டில் மிகப் பெரிய அளவு மில்லிமீட்டரில், பிளெயின் ஹெச்யூ, அளந்த வெட்டின் தடிமன், சீரான தன்மை, விளிம்பு, கொழுப்பு, சுண்ணாம்பு, எதிர்ப்பக்கச் சுரப்பி, பழைய படத்தோடு ஒப்பீடு, அடுத்து செய்ய வேண்டியது ஆகியவை அறிக்கையில் இருக்க வேண்டும். "மருத்துவ ரீதியாக ஒப்பிட்டுப் பார்க்கவும்" என்ற வழக்கமான கடைசி வரி எவருக்கும் பயன்படுவதில்லை. "சீரான 18 மிமீ கட்டி, பிளெயினில் 6 ஹெச்யூ, கொழுப்பு மிகுந்த அடினோமா, மேற்கொண்டு ஸ்கேன் தேவையில்லை, கார்டிசால் சோதனை பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதினால் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் அதை வைத்து முடிவெடுக்க முடியும்.

மறு ஸ்கேன் பரிந்துரைத்தால் அது கான்ட்ராஸ்ட் இல்லாத, அட்ரீனல் பகுதிக்கு மட்டுமான, குறைந்த கதிர்வீச்சுள்ள சிடியாகவும், முதல் முறை எடுத்த அதே மின்னழுத்தத்திலும் தடிமனிலும் அமைந்ததாகவும் இருக்கட்டும். தேதியையும் எழுதுங்கள், 4 சென்டிமீட்டருக்குக் கீழ், சீரான, 11 முதல் 20 வரையிலான கட்டிக்கு 12 மாதம், அதைவிட ஐயத்துக்குரியதை அறுவை செய்யாமல் வைத்திருந்தால் 6 முதல் 12 மாதம். அந்த இடைவெளியில் மிகப் பெரிய விட்டம் 20 சதவீதத்துக்கு மேல் கூடி, அந்தக் கூடுதல் குறைந்தது 5 மில்லிமீட்டராகவும் இருந்தால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். 20 மில்லிமீட்டர் கட்டி 22 ஆகியிருப்பது வளர்ச்சியன்று. மூச்சை இழுத்துப் பிடித்த அளவில் வந்த மாற்றமும், வட்டம் வரைந்த கையின் மாற்றமும் அவ்வளவு இருக்கும். ஒப்பிடும்போது முந்தைய அறிக்கையில் எழுதியுள்ள எண்ணை நம்பாமல், இரு படங்களையும் அருகருகே திறந்து, ஒரே தளத்தில், ஒரே கையால் மீண்டும் அளந்து எழுதுங்கள்.